கோமியத்தில் கழுவிய டேங்க்

இந்தப் பக்கம் உட்காருங்க தம்பி, அங்கிட்டு வெயில் ஏறிரும். திண்டுக்கல் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள வெந்து போயிருவீங்க. பையை மடியில வச்சுக்கங்க. துணிப்பைதானே? நல்ல பழக்கம்.

கொஞ்சம் குனிஞ்சு முன்னாடி பாருங்க. டிரைவருக்குப் பின் சீட்டு, ஜன்னலோரம், பச்சைத் துண்டு போட்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கானா? பாத்துட்டீங்களா? சரி, திரும்பிக்கங்க. அவன்தான் பவுன்ராஜ். என் பக்கத்துக் காட்டுக்காரன். அவன் மேல புகார் எழுதிக் கொடுத்துட்டுத்தான் நான் இப்பப் போறேன். அவனும் அங்கதான் வர்றான். ரெண்டு பேரும் போறது ஒரே வீட்டுக்கு, ஒரே நேரத்துக்கு. எங்க ஊருக்குக் காலையில இந்த ஒரு பஸ்தான், வேற என்ன செய்ய? ஏறும்போது சிரிச்சான் தம்பி. “வாங்கண்ணே”ன்னான். நான் தலையை ஆட்டினேனா இல்லையான்னு எனக்கே தெரியலை.

நான் யாருன்னு சொல்லலையே. சீரங்கன். கரட்டுப்பட்டி சீரங்கன்னா இயற்கை விவசாயம் பண்றவங்க வட்டாரத்துல தெரியும். மூணு ஏக்கர்தான். பத்தொன்பது வருஷம் நூல் மில்லுல ராத்திரி ஷிப்டு பாத்துட்டு, போதும்டா சாமின்னு மண்ணுக்கு வந்தவன். படிப்பு எட்டாவது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. புத்தகம் வாங்கி நானே எழுத்துக் கூட்டிப் படிச்சு, போன்ல பாத்து, கெட்டுக் கெட்டுக் கத்துக்கிட்டது. என் மண்ணுல உழவு கிடையாது, உரம் கிடையாது, மருந்து கிடையாது. இலை, தழை, சோகை எல்லாத்தையும் போட்டு மண்ணை மூடி வச்சிருக்கேன். மூடாக்குன்னு பேரு. அதைக் கையால விலக்கிப் பாத்தீங்கன்னா கீழே மண்புழு நெளியும். ஒரு வாசம் வரும் பாருங்க, பச்சைப் பிள்ளை உச்சந்தலையில வருமே, அந்த வாசம். சிரிக்காதீங்க. உள்ளதைச் சொல்றேன்.

வாசல்ல போர்டு வச்சிருக்கேன். “இங்கு பூச்சிகளும் விருந்தாளிகள்.” அதைப் போட்டோ எடுக்கவே சனிக்கிழமை ஞாயித்துக்கிழமையில கார்ல வருவாங்க. வாட்ஸப்புல ஒரு குரூப்பு, நான்தான் நடத்துறேன், நானூறு பேரு. போன தையில ஒரு பயிற்சி முகாமுல மேடையில ஏத்திப் பேச வச்சாங்க. எட்டாவது படிச்சவனை! அதுக்கு முன்னாடி என்னை யாரும் ‘அவர்’னு சொன்னதில்லை தம்பி. மில்லுல எனக்கு நம்பர்தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

என் காட்டுக்கு மேற்கால அஞ்சு ஏக்கர் செண்பகவல்லி டீச்சரோடது. ரிட்டயர் ஆகித் திண்டுக்கல்ல இருக்காங்க. அந்த நிலம் பூராவும் ஒரு காலத்துல சீமைக்கருவேலம். பாம்பு கூட யோசிச்சுத்தான் உள்ளே போகும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் டீச்சர்கிட்டப் பேசி, பவுன்ராஜுக்குக் குத்தகைக்கு வாங்கிக் கொடுத்தேன். ஆமா, நானேதான். அவனும் அவன் பொஞ்சாதியும் கடப்பாறையும் கோடாலியுமா ஒன்றரை வருஷம் அந்த முள்ளோட மல்லுக்கட்டினாங்க. அவ உள்ளங்காலைப் பாத்தீங்கன்னா இன்னமும் சல்லடை மாதிரி இருக்கும். அங்கேயே ஒரு கூரை போட்டுக் குடியிருக்காங்க. நாலு மாடு, பத்துப் பதினஞ்சு ஆடு. வேற நிலம் நீச்சு கிடையாது.

ஆனா ஒண்ணு, மருந்தடிப்பான். மக்காச்சோளம் போடுவான், புல்லு மருந்து அடிப்பான். நான் எவ்வளவோ சொல்லிட்டேன். “அண்ணே, உங்களுக்குப் புல்லைப் பாத்தா கவிதை வருது, எனக்கு வயிறு எரியுது”ம்பான். நக்கல் பிடிச்ச பய. ஆனா மரியாதை கொறையாது. என் பக்கம் ஆறு வரி விட்டுட்டுத்தான் மருந்தடிப்பான். அந்த ஆறு வரியிலயும் அவன் பொஞ்சாதி குத்த வச்சுக் கையாலயே புல்லுப் பிடுங்குவா. எட்டு வருஷமா அப்படித்தான். அதையும் சொல்லணும்ல.

இந்த வருஷம் நான் ஆனியில தக்காளி வச்சேன். நாட்டுத் தக்காளி, எழுபது பாத்தி. பூ எடுக்கிற நேரம் பஞ்சகவ்யம் அடிச்சா காய் நல்லாப் பிடிக்கும். வழக்கமா வாளியில கரைச்சு வேப்பங்கொத்தால தெளிச்சுக்கிட்டுப் போயிருவோம், நானும் என் வீட்டுக்காரி வேலுத்தாயும். இந்தத் தடவை எழுபது பாத்தி, எனக்கு இடுப்புப் பிடிப்பு வேற. பவுன்ராஜுகிட்ட மருந்தடிக்கிற டேங்க்கை ஒரு நாளைக்குக் கேட்டேன். என்கிட்ட டேங்க் கிடையாது தம்பி. மருந்து டேங்க் என் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம். வேணும்கிறப்ப அவன்கிட்ட வாங்கிக்கிறதுதான்.

கொடுத்தான். இல்லைன்னு சொல்ல மாட்டான். கொடுக்கும்போது சொன்னான், “அண்ணே, நேத்துத்தான் இதுல புல்லு மருந்து அடிச்சேன். அலசித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் நீங்க சோப்புத்தூள் போட்டு ரெண்டு மூணு தடவை நல்லாக் கழுவிட்டு அடிங்க. தக்காளி தாங்காது”ன்னான்.

சோப்புத்தூள்! என் தோட்டத்துல! அந்த நுரைத் தண்ணி மண்ணுல இறங்கினா மண்புழு என்னத்துக்கு ஆகும்? எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. இவன் எனக்குச் சொல்லிக் குடுக்கிறானான்னு. நான் என்ன செஞ்சேன், கோமியம் ஊத்திக் கழுவினேன். சுத்தமான நாட்டு மாட்டுக் கோமியம், ரெண்டு லிட்டர். அதை விடச் சுத்தம் பண்ற வஸ்து உலகத்துல உண்டா? நான் மேடையிலயே பேசியிருக்கேன் அதைப் பத்தி. கழுவி, மோந்து பாத்தேன். கோமிய வாசம்தான் வந்துச்சு. மருந்து வாசமே இல்லை.

அறுபத்தாறு பாத்தி அடிச்சேன். மேல்காத்து சுழட்டிச் சுழட்டி அடிக்குது, ஆடி மாசமில்லையா. மிச்சம் நாலு பாத்தி, மேற்கு வரப்போரம். அதுக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு. வேலுத்தாய் பழையபடி வாளியில கரைச்சு வேப்பங்கொத்தால அதுக்குத் தெளிச்சா.

நாலாம் நாள் காலையில போய்ப் பாக்கிறேன். ஐயோ தம்பி. கொழுந்தெல்லாம் கோழிக்கால் மாதிரி மடங்கிக் கிடக்கு. தண்டு முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. பூவெல்லாம் கருகி உதிருது. புல்லு மருந்து பட்டா அப்படித்தான் ஆகும், பாத்ததும் தெரிஞ்சு போச்சு. வரப்பைத் தாண்டிப் போய்க் கூப்பாடு போட்டேன்.

“என்னத்தைடா அடிச்ச?”

“புல்லு மருந்துதாண்ணே. ஆச்சு அஞ்சு நாளு. விடியக்காலையில, காத்து படிஞ்சு கெடக்கையிலதான் அடிச்சேன்.”

“அப்ப என் தக்காளி தானாச் சுருண்டுக்கிச்சாக்கும்?”

வந்தான். குத்த வச்சு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாப் பாத்தான். வரப்போரம் இருந்த நாலு பாத்தியையும் பாத்தான். எழுந்திரிச்சு, “அண்ணே, நீங்க டேங்க்கு...”ன்னு இழுத்தான். நான் விடலையே. “பேச்சை மாத்தாதே”ன்னேன். “உன் மருந்து காத்துல வந்து செஞ்ச வினை இது”ன்னேன். அவன் வாயை மூடிக்கிட்டான். பேசியிருக்கலாம்ல? தப்பு இல்லாதவன் பேசுவானா மாட்டானா? நீங்களே சொல்லுங்க.

அந்த நாலு பாத்தியா? அது நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்னு கேட்கிறீங்க, நியாயமான கேள்வி. அவன் காட்டுக்கு ஒட்டுனாப்புல இருக்கிறது அதுதான். அதுக்கு நான் ரொம்ப யோசிச்சேன். வரப்புல ஆமணக்கு வச்சிருக்கேன். காத்து அதுல மோதி மேல எழும்பி, தாண்டிப் போய் உள்ளே விழுந்திருக்கு. அப்படித்தான் இருக்கணும். குரூப்புல படம் வரைஞ்சு போட்டேன், எல்லாரும் கை தூக்கி ஆமான்னு போட்டாங்க. வேலுத்தாய்தான் ஏத்துக்கலை. “வரப்போரத்துல நிக்கிறதை விட்டுட்டு வீட்டோரத்துல நிக்கிறதைத் தேடி வந்து கடிக்குதாக்கும்? உங்க காத்துக்கு நம்ம வீட்டு அட்ரஸ் தெரியுமோ?”ன்னு கேக்கிறா. படிக்காதவகிட்ட என்ன பேச?

அன்னிக்கு ராவே போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டுட்டேன். “பக்கத்துக் காட்டு விஷம் என் பிள்ளைகளைக் கொன்னுருச்சு”ன்னு. பேரு போடலை. ஆனா டீச்சரும் அந்தக் குரூப்புல இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதா பக்கத்துக் காடு யாருதுன்னு? காலையில போன் வந்துச்சு. “என் நிலத்துல இருந்தா இந்தப் பாவம் நடந்துச்சு? எழுதிக் கொடுங்க சீரங்கன், அவனைக் காலி பண்ணச் சொல்லிடுறேன்”னாங்க. அழுற குரல். நல்ல மனசு அவங்களுக்கு.

எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து மணி மணியா இருக்கும்.

அப்புறம் அவங்களே சொன்னாங்க, “அந்த அஞ்சு ஏக்கரையும் நீங்களே பாத்துக்கங்க, உங்க முறையில ஒரு உணவுக்காடு மாதிரி பண்ணிக் காட்டுங்க”ன்னு. நான் கேட்கலை தம்பி. இதைக் குறிச்சு வச்சுக்கங்க. நான் வாயைத் திறந்து கேட்கவே இல்லை. எங்க கொய்யா வைக்கலாம், எங்க குளம் வெட்டலாம்னு மனசுல ஓடுச்சு, அதை எப்படித் தடுக்கிறது? மனசு தானே.

யாரு, கண்டக்டரா? இருங்க, டிக்கெட்டு எடுத்துக்கிறேன்.

“என்ன இயற்கை அண்ணே, இன்னிக்குக் கீரைக்கட்டைக் காணோம்? விருந்தாளிங்க தின்னுட்டாங்களா?” பாத்தீங்களா, இவன் எப்பவும் இப்படித்தான்.

என்னது? எடுத்தாச்சா? யாரு எடுத்தது?

...

கேட்டீங்களா தம்பி. அவன் எடுத்துட்டானாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து. நாகல் நகர் ரெண்டுன்னு. டீச்சர் வீட்டுக்கு இறங்குற ஸ்டாப்பு.

எங்க பக்கத்துல அது ஒரு வழக்கம். ஊர்க்காரன் பஸ்ஸுல இருந்தா முன்னாடி ஏறினவன் டிக்கெட்டு எடுத்துருவான். பங்காளிச் சண்டையில கோர்ட்டுக்குப் போறவனே எதிராளிக்கு டிக்கெட்டு எடுப்பான். அதுல ஒண்ணும் அர்த்தம் இல்லை. அப்படித்தான் நினைச்சுக்கணும். அர்த்தம் இல்லைன்னா இல்லைதான்.

இங்க பாருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ, இறங்கினா மறந்து போயிருவோம்.

அந்த டேங்க்கை நான் திருப்பிக் கொடுக்கலை. சண்டை போட்டுட்டு எந்த மூஞ்சியோட போய்க் கொடுக்கிறது? வைக்கப்போருக்குப் பின்னாடி கிடந்துச்சு. பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரியா இருக்கும். எழுதிக் கொடுத்து ஒரு வாரம் கழிச்சு, வேலுத்தாய் சந்தைக்குப் போயிருந்தா. நான் அதுல வெறும் தண்ணி ஊத்தினேன். வெறும் தண்ணிதான். குலுக்கி, வீட்டுக்குப் பின்னாடி நின்ன ரெண்டு தக்காளிச் செடிக்கு அடிச்சேன். மருந்து படாத செடி. சும்மா, ஒரு இதுக்கு.

மூணு நாள் ஒண்ணும் ஆகலை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வேலுத்தாயிகிட்ட நல்லாப் பேசினேன், சந்தையில இருந்து மல்லிப்பூ கூட வாங்கியாந்து கொடுத்தேன். அவ என்னை ஏற இறங்கப் பாத்தா.

நாலாம் நாள் கொழுந்து மடங்கிருச்சு.

கோழிக்கால் மாதிரியே. அதே மாதிரியே.

பிடுங்கிக் குழியில போட்டு மூடிட்டேன். சாயங்காலம் வேலுத்தாய் கேக்கிறா, “பின்னாடி ரெண்டு தக்காளி நின்னுச்சே, எங்க?” “ஆடு கடிச்சிருச்சு.” “ஆடு வேரோடவா கடிக்கும்?” சோத்தைப் போட்டு வச்சுட்டு உள்ளே போயிட்டா.

ரெண்டே ரெண்டு செடி. ரெண்டு செடியை வச்சு என்ன முடிவுக்கு வர முடியும்? ஆராய்ச்சி பண்றவங்க நூறு செடி வச்சுப் பாப்பாங்க, அதுவும் மூணு தடவை. நான் படிச்சிருக்கேன். அந்த வாரமும் காத்து அடிச்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு? எங்கிருந்தாவது வந்திருக்கலாம்ல? வந்திருக்கலாம். வரலைன்னு அடிச்சுச் சொல்ல ஆளில்லை.

இன்னொண்ணும் யோசிங்க. நானே என் கையால அடிச்சேன்னு சொன்னா என்னத்துக்கு ஆகும்? நானூறு பேரு குரூப்புல. விஷம் இல்லாத தோட்டம்னு நம்பி வர்றவங்க. சீரங்கனே புல்லு மருந்து அடிச்சுக்கிட்டான்னு பேரு வந்தா, இது என் பேரோட போகுமா? இயற்கை விவசாயத்துக்கே கெட்ட பேரு இல்லையா? கோமியத்தை யாரு நம்புவா? ஒரு பெரிய காரியத்துக்காகச் சிலதை விழுங்கித்தான் ஆகணும். எனக்காக இல்லை தம்பி. மண்ணுக்காகச் சொல்றேன்.

இன்னிக்கு என்னான்னா, காலி பண்ணணும்னு டீச்சர் ஆள் விட்டுச் சொல்லிட்டாங்கன்னு பவுன்ராஜு என்கிட்டயே வந்தான், நேத்துச் சாயங்காலம். “அண்ணே, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். எனக்கு அவங்க வீடும் தெரியாது, நம்பரும் தெரியாது. எல்லாம் உங்க மூலமாத்தானே. கதிர் பிடிக்கிற நேரத்துல காலி பண்ணுன்னா நான் மாட்டைக் கட்டிக்கிட்டு ரோட்டுலயா நிப்பேன்?”ன்னான். சண்டை போடலை. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். டேங்க்கைப் பத்தி ஒரு பேச்சுப் பேசலை. அவனுக்குத் தெரியும் தம்பி. குத்த வச்சு உட்கார்ந்து அந்த நாலு பாத்தியைப் பாத்தானே, அப்பவே தெரியும். நானாச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருக்கான். அதுதான் எனக்குப் பிடிக்கலை.

நான் டீச்சருக்குப் போன் போட்டேன். “பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. அவன் மேல தப்பு இல்லைன்னு நீங்க நேர்ல வந்து சொன்னா விட்டுடுறேன் சீரங்கன். வரலைன்னா நீங்க எழுதிக் கொடுத்ததே போதும். மதியம் நான் பெங்களூர் மக வீட்டுக்குக் கிளம்புறேன், போற வழியில வக்கீல்கிட்டத் தாளைக் கொடுத்துட்டுப் போயிடுவேன்”னாங்க. காலையில வேலுத்தாய் சட்டையை எடுத்துக் கொடுத்துட்டு, “உள்ளதைச் சொல்லிட்டு வாங்க”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. உள்ளதைத்தானே நான் எப்பவும் சொல்றேன்?

மணி என்ன? பத்து நாப்பதா. நேரம் இருக்கு.

இதோ நாகல் நகர் வந்துருச்சு. எழுந்திரிக்கிறான் பாருங்க. துண்டை உதறித் தோள்ல போடுறான். இறங்கிட்டான். திரும்பிப் பாக்கிறான். இங்கதான் வர்றான், ஜன்னலுக்கு.

“அண்ணே, இறங்கலையா? இதுதானே ஸ்டாப்பு?”

“பவுன்ராஜு, நீ... நீ அந்த டீக்கடையில நில்லு. எனக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன வேலை. முடிச்சுட்டு வந்துர்றேன். சேர்ந்தே போவோம்.”

“சரிண்ணே. பதினோரு மணிண்ணே.”

“தெரியும், தெரியும். நீ நில்லு. டீ குடி.”

...

போகலாம் ரைட்டு. ஏன் கண்டக்டர் என்னையே பாக்கிறான்? பாக்கட்டும். மிச்சத்துக்கு டிக்கெட்டு எடுத்துக்கிட்டாப் போச்சு.

வேலையா? வேலை ஒண்ணும் இல்லை தம்பி. பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன், பன்னெண்டு மணி வாக்குல திரும்பற பஸ் இருக்கு. அந்தம்மா முன்னாடி போய் நின்னு, அவனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, அவன்தான் செஞ்சான்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அவ்வளவு கல் நெஞ்சு எனக்கு இல்லை. எட்டு வருஷப் பழக்கம். என்னை விட்டா அவனுக்கு ஊருல யாரு இருக்கா?

டீக்கடை வாசல்லயே நிக்கிறான் பாருங்க. இன்னும் தெரியுது. கையைக் காட்டுறான்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவனுக்கு எதிரா இன்னிக்கு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரலை. நீங்களே சாட்சி தம்பி.